பழைய வண்டின்னா நிக்கத்தான் செய்யுமா?

"பழைய வண்டி சார்... அப்படித்தான் இருக்கும்."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. அம்பாசிடர், பியட், ஹெரால்டுன்னு எதையாவது வீட்டில் வெச்சிருக்கிற எல்லாரும் கேட்டிருப்பீங்க. மெக்கானிக் சொல்வார், மச்சான் சொல்வார், எதிர்வீட்டுக்காரர் சொல்வார். நடு ரோட்டில் வண்டி பொசுக்குன்னு நின்னு, நாம வேர்த்து விறுவிறுத்து பானட்டைத் தூக்கும்போது, பைக்கில் போறவர் கூட ஒரு நிமிஷம் நிறுத்தி இதைச் சொல்லிட்டுத்தான் போவார்.

இது சுத்தப் பொய். பொய்யை விட மோசம், சோம்பேறித்தனம். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பொறுத்துக்கங்க.

என் கட்சி இதுதான்: ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வந்தா, அது வண்டியோட வயசு இல்லை. அந்தக் கோளாறை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். அவ்வளவுதான். இரும்புக்கும் செம்புக்கும் மூட் கிடையாது. இன்னிக்கு ஓடுவோமா வேணாமான்னு வண்டி யோசிக்கிறதில்லை. கரண்ட் போக வழி இருந்தா போகும், இல்லைன்னா போகாது.

சும்மா பேச்சா போகக்கூடாதுன்னு ஒரு கேஸ் சொல்றேன். என் சித்தப்பாவோட அம்பாசிடர் மார்க் 2. 1972 மாடல், பெட்ரோல் வண்டி, 1489 சிசி இஞ்சின். தாம்பரத்துக்குள்ள மார்க்கெட், கோயில்னு ஊர்ந்து போறவரைக்கும் ஒரு குறையும் இருக்காது. ஜி.எஸ்.டி ரோட்டில் ஏத்தி, 50-60 வேகத்தில் நிதானமா போகும்போது திடீர்னு உதறும். ரெண்டு குலுக்கல், அப்புறம் மௌனம். ஓரம் கட்டி சாவியைத் திருகினா சமர்த்தா ஸ்டார்ட் ஆயிடும். சில நாள் ஒரு தடவை, சில நாள் நாலு தடவை.

ஒன்றரை வருஷம், நாலு பட்டறை. பேர் வேண்டாம், எல்லாப் பட்டறையிலும் இதே கதைதான். மாத்தினது என்னென்னன்னு சித்தப்பா நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கார். பாயிண்ட் மூணு செட், கண்டென்சர் நாலு, காயில் ரெண்டு, பிளக் ரெண்டு செட், பிளக் வயர் ஒரு செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒண்ணு, பெட்ரோல் பம்ப் ஒண்ணு, கார்புரேட்டர் சர்வீஸ் ஒரு தடவை. முப்பதாயிரத்துக்கு மேல. ஒவ்வொரு தடவையும் "இனிமே வராது சார்". ஒவ்வொரு தடவையும் பத்து நாள் கழிச்சு செங்கல்பட்டு போற வழியில் அதே உதறல்.

இதை ரிப்பேர்னு சொல்லாதீங்க. இது லாட்டரி. பத்து சீட்டு வாங்கிக் கிழிச்சுப் போட்டாச்சு, பரிசு விழலை, "சீட்டே மோசம்"னு சொல்றாங்க.

பட்டறையில் என்ன தப்பா நடந்ததுன்னு புரியணும்னா, இந்த பழைய இக்னிஷன் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷம் பார்க்கணும். (தெரிஞ்சவங்க அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனா தெரிஞ்சவங்கதான் அதிகமா தப்புப் பண்றாங்க, ஹி ஹி.)

பேட்டரி 12 வோல்ட். அது சாவி வழியா காயிலுக்கு வருது. காயிலுக்குள்ள ரெண்டு சுத்து. ஒண்ணு தடிமனான கம்பி, கொஞ்சம் சுத்து. இன்னொண்ணு முடி மாதிரி கம்பி, அதைவிட கிட்டத்தட்ட நூறு மடங்கு சுத்து. தடிமன் கம்பியில் போற கரண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயிண்ட் வழியா எர்த் ஆகுது. பாயிண்ட் திறந்த உடனே கரண்ட் அறுபடும், காந்தப்புலம் சரியும், மெல்லிசு கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எகிறும். அது ரோட்டர் வழியா, மூடி வழியா, பிளக்குக்குப் போய்ப் பொறி. பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து வீணாகாம, கரண்ட்டைச் சட்டுனு அறுக்க உதவுறது கண்டென்சர். நாலு சிலிண்டர் வண்டி 3000 ஆர்பிஎம்மில் ஓடினா நிமிஷத்துக்கு 6000 பொறி. நொடிக்கு நூறு. நொடிக்கு நூறு தடவை திறந்து மூடற ஒரு வழியில், எங்கேயாவது ஒரு இடத்தில் அரைக் கணம் தொடர்பு விட்டா வண்டி உதறத்தான் செய்யும்.

மொத்தமே இவ்வளவுதான். ஒரு பேப்பரில் வரைஞ்சிடலாம். இதில் கண்டுபிடிக்க முடியாத மர்மம்னு எதுவும் இல்லை. ஆனா நம்ம ஆளுங்க கையில் மூணு மந்திரம் வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணா உரிச்சிடுவோம்.

மந்திரம் ஒண்ணு: "பாயிண்ட் போச்சு, மாத்திடலாம்."

பாயிண்ட் தேயும், உண்மை. கேம் மேல உரசுற அந்தக் குதிகால் தேய்ஞ்சா இடைவெளி குறையும், டைமிங் பின்னாடி போகும். அதனால்தான் கேம் மேல லேசா கிரீஸ் தடவணும், ரோட்டரைக் கழட்டி உள்ளே ரெண்டு சொட்டு ஆயில் விடணும். இதை எத்தனை பேர் செய்றாங்க? புது பாயிண்டை மாட்டி, இடைவெளியை சிகரெட் அட்டையை மடிச்சு வெச்சுப் பார்க்கிறாங்க. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 14-லிருந்து 16 தௌ. ஃபீலர் கேஜ் என்ன, தங்கத்திலயா செஞ்சிருக்கு?

அதைவிட முக்கியம்: பாயிண்ட் தேய்மானம் மெதுவா வர்ற நோய். வாரக்கணக்கில் மிஸ்ஸிங் அடிச்சு, ஸ்டார்ட்டிங் கஷ்டமாகி, இழுவை குறைஞ்சு, சொல்லிட்டு வரும். பட்டுனு நின்னு, அடுத்த நிமிஷமே பட்டுனு ஸ்டார்ட் ஆகற வியாதி பாயிண்ட் தேய்மானம் இல்லை. தொடர்பு விட்டு விட்டு வர்ற வியாதி. நோயோட நடையைப் பார்க்காம மருந்து எழுதற டாக்டரை நாம சும்மா விடுவோமா?

புதுசா போட்ட பாயிண்ட் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள கருகிப் போச்சுன்னா அப்பவும் பாயிண்டைத் திட்டாதீங்க. காயிலை அளந்து பாருங்க. பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் வண்டிக்கான காயில் சுமார் 3 ஓம் இருக்கணும். 12 வகுத்தல் 3, நாலு ஆம்பியர். பேலஸ்ட் ரெசிஸ்டரோட ஓடற வண்டிக்கான காயில் சுமார் ஒன்றரை ஓம். பார்க்க ரெண்டும் ஒரே டப்பா. அதைக் கொண்டு வந்து பேலஸ்ட் இல்லாம மாட்டினா எட்டு ஆம்பியர் இழுக்கும். பாயிண்ட் கருகும், காயில் தோசைக்கல் ஆகும். அடுத்த பட்டறையில் "பாயிண்ட் குவாலிட்டி சரியில்லை சார்".

மந்திரம் ரெண்டு: "ஏர் லாக். பம்ப்ல ஈரத்துணி போடுங்க."

நம்ம ஊர் வெயிலில் பெட்ரோல் சூடாகி ஆவியாகறது நிஜம்தான். நான் மறுக்கலை. ஆனா ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் காத்திருந்து ஸ்டார்ட் ஆச்சுன்னா, குளிர்ந்தது பம்ப் மட்டுமா? அதே இருபது நிமிஷத்தில் காயிலும் குளிர்ந்திருக்கும், கண்டென்சரும் குளிர்ந்திருக்கும். இது ரெண்டும் சூட்டில் படுத்துக்கிட்டு ஆறினதும் எழுந்து உட்கார்ற ஜாதிதான். அப்போ ஈரத்துணி எதை நிரூபிச்சது? ஒண்ணையும் இல்லை. வண்டி நின்ன அந்த நிமிஷமே, சூடு ஆறறதுக்கு முன்னாடி, பொறி வருதா இல்லையான்னு பார்த்திருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். பொறி இருந்தா பெட்ரோல் பக்கம் போ, பொறி இல்லைன்னா பம்பைத் தொடாதே.

சித்தப்பா வண்டியில் பம்ப் மாத்தினாங்கன்னு சொன்னேனே, அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட, நின்ன இடத்தில் பொறி பார்க்கலை. ஒரு தடவை கூட!

மந்திரம் மூணு: "பாயிண்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டுடுங்க."

இதுதான் இப்போ ஃபேஷன். நான் எலக்ட்ரானிக்குக்கு எதிரி இல்லை. தேயற பாகம் இல்லை, இடைவெளி பார்க்க வேண்டாம், டைமிங் ஆடாம நிக்கும். நல்ல சாமான்தான். ஆனா அதுக்கும் கரண்ட் அதே பழைய வெள்ளை வயர் வழியாத்தான் வருது. அதே சாவி ஸ்விட்ச், அதே பச்சை பூத்த இணைப்பு, அதே துருப்பிடிச்ச எர்த். காயிலுக்கு 12 வரவேண்டிய இடத்தில் 9 வந்தா பாயிண்ட் கூட எப்படியோ சமாளிச்சு இழுத்துட்டுப் போகும். பல கிட்கள் அந்த அளவுக்குப் பெருந்தன்மை காட்டாது. அதோட, பாயிண்ட் மக்கர் பண்ணினா ரோட்டோரத்தில் ஒரு துண்டு எமரித் தாளால தேய்ச்சு வீடு வந்து சேரலாம். மாட்யூல் செத்தா கயிறு கட்டி இழுக்கிறதைத் தவிர வேற வழி இல்லை.

முதல்ல கோளாறைக் கண்டுபிடி, சரி பண்ணு, அப்புறம் ஆசைப்பட்டா கிட் போடு. கோளாறுக்கு மருந்தா கிட்டைப் போடாதே. இதைத்தான் சொல்றேன்.

சரி, சித்தப்பா வண்டியில் கடைசியில் என்னதான் இருந்தது?

புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடப் போன இடத்தில் ஒரு எலக்ட்ரீசியன் பாயைப் பத்திச் சொன்னாங்க. எழுபது வயசு இருக்கும். வண்டியைக் கொண்டு போனோம். அவர் பானட்டையே திறக்கலை. முதல்ல ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, மேட்டுல ஏறும்போது நிக்குதா, சமதரையில போகும்போது நிக்குதா?"

சித்தப்பா யோசிச்சார். "சமதரையிலதான் பாய். மேட்டுல அழுத்தி மிதிச்சா நல்லாத்தான் ஏறுது."

பாய் சிரிச்சுட்டார். பானட்டைத் திறந்து இஞ்சினை ஐட்லிங்கில் விட்டார். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்குவம் பைப்பைக் கழட்டி, ஒரு ரப்பர் ட்யூபைச் சொருகி, வாயால் உறிஞ்சினார். இஞ்சின் நின்னு போச்சு. விட்டார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், ஸ்டார்ட் ஆச்சு. மறுபடி உறிஞ்சினார். மறுபடி நின்னுச்சு.

விஷயம் இதுதான். ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு நிதானமா போகும்போது வேக்குவம் அதிகம். அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டை இழுத்துத் திருப்பி டைமிங்கை முன்னாடி தள்ளும். மேட்டில் அழுத்தி மிதிச்சா வேக்குவம் விழும், தட்டு பழைய இடத்துக்கே வந்துடும். தட்டு நகர்றதால, வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்கு வர்ற சின்ன வயரும் கூடவே மடங்கி மடங்கி நிமிரும். ரெண்டு அங்குல வயர். ஐம்பது வருஷமா மடங்கினதில் உள்ளே செம்பு இழை அறுந்து போயிருக்கு. மேல் உறை மட்டும் முழுசா இருக்கு. தட்டு ஒரு பக்கம் இருந்தா அறுந்த முனை ரெண்டும் தொட்டுக்கும், இன்னொரு பக்கம் போனா விட்டுடும்.

கவனிங்க. மூணு தடவை பாயிண்ட் மாத்தினாங்க இல்லையா? மூணு தடவையும் இந்த வயரைத்தான் கழட்டினாங்க, மூணு தடவையும் இதே வயரைத்தான் திருப்பி மாட்டினாங்க. குற்றவாளியைக் கையில் பிடிச்சு, ஓரமா வெச்சு, வேலை முடிஞ்சதும் மரியாதையா அவன் இடத்தில் உட்கார வெச்சிருக்காங்க!

பாய் நல்லா வளையற, மெல்லிசு இழை நிறைய இருக்கிற வயரா பார்த்துப் போட்டார். (வீட்டு வயரிங்கில் போடற விறைப்பான கம்பியைப் போட்டா தட்டு நகராது, சீக்கிரமே மறுபடி அறுந்தும் போகும்.) கூடவே தட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற எர்த் வயரையும் மாத்தினார். சாமான் செலவு ஐம்பது ரூபாய் கூட இருக்காது. அதுக்கப்புறம் வண்டி ஒரு தடவை கூட நிக்கலை.

இப்போ சிலர் கேப்பீங்க. "எலக்ட்ரானிக் கிட் போட்டிருந்தா அந்த வயரே போயிருக்குமே, வண்டி சரியாகியிருக்குமே?" நியாயமான கேள்வி. ஆமா, ஓடியிருக்கும். ஆபத்தே அங்கதான் இருக்கு. வண்டி ஓடியிருக்கும், எல்லாரும் "பாத்தீங்களா, பாயிண்ட் சிஸ்டமே குப்பை"ன்னு சொல்லியிருப்பாங்க, அடுத்த பத்து அம்பாசிடருக்கும் அதையே எழுதிக் குடுத்திருப்பாங்க. தப்பான காரணத்தோட குணமானா அடுத்த நோயாளிக்கு அது வினை.

இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனியை "இருட்டின் இளவரசன்"னு கிண்டல் பண்ற பழைய ஜோக் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களில் விளக்கு அணைஞ்சா, வண்டி நின்னா, எல்லாத்துக்கும் லூகாஸ்தான் காரணம்னு. நம்ம பாடியில் லூகாஸ் பேரில் ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கிறதால நமக்கும் அந்த ஜோக் பிடிக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. 2014-ல் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நிக்கிற வரைக்கும் எத்தனை வண்டி இந்த நாட்டில் ஓடியிருக்கு! பாயிண்ட் வெச்ச பெட்ரோல் டாக்சிகள் ராத்திரி பகலா ஓடின காலம் ஒண்ணு இருந்ததே. அடிப்படையே மோசம்னா அதெல்லாம் எப்படி ஓடிச்சு? அப்போ பார்த்துக்கிட்டவங்களுக்குத் தொழில் தெரிஞ்சது, அதான்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிட்டுப் போறது நியாயம் இல்லை. வண்டிக்காரங்க யோக்கியதையையும் பார்ப்போம். காயில் மாத்தினேன்னு பில் குடுத்தா வாயைத் திறக்காம எடுத்து வைக்கிறாங்க. "ரெண்டு மணி நேரம் தேடினேன், ஒரு வயர்தான் சார், ஐநூறு ரூபா குடுங்க"ன்னா, "ஒரு வயருக்கு ஐநூறா?"ன்னு சண்டைக்குப் போறாங்க. கண்டுபிடிச்சதுக்குக் காசு கிடையாது, மாத்தினதுக்குத்தான் காசுன்னா பட்டறைக்காரர் என்ன செய்வார்? மாத்திக்கிட்டே இருப்பார். பாய் மாதிரி ஆட்கள் குறைஞ்சு போனதுக்கு இந்தக் கஞ்சத்தனமும் காரணம். சித்தப்பா அவருக்கு ரெண்டாயிரம் குடுத்தார். முப்பதாயிரம் தொலைச்ச இடத்தில் உருப்படியா செலவான பணம் அதுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்கு விஷயம்னு நினைக்காதீங்க. ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டி செத்தப்போ பின்னாடி லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே ஒதுங்கிப் போனது ஒரு தடவை. பின் சீட்டில் பேரப் பிள்ளைங்க. அதுக்கப்புறம் வீட்டில் எல்லாரும் ஒரே குரல்: வித்துடுங்க. 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5000 ஆனதையும் சேர்த்துச் சொன்னாங்க. காயலாங்கடைக்காரர் வந்து எடை போட்டு விலை பேசிட்டுப் போயாச்சு. தாத்தா வாங்கின வண்டி, அத்தை கல்யாணத்துக்குப் பொண்ணு அழைப்பு போன வண்டி, ரெண்டு அங்குல வயருக்காக இரும்பு விலைக்குப் போக இருந்தது. போனா போனதுதான், இனிமே எவனும் செஞ்சு தரப்போறதில்லை. இப்படி எத்தனை வண்டி போயிருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

அதனால, பழைய வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு: ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், டேஷ்போர்டில் எப்பவும் கிடக்கட்டும். வண்டி நின்னா உடனே எதையும் மாத்தாதீங்க. சாவியை ஆன் பண்ணி காயிலோட சாவிப் பக்க முனையில் லேம்பை வைங்க. எரியலைன்னா கோளாறு சாவி, வயர், இணைப்பில். எரிஞ்சா, டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. லேம்ப் மின்னி மின்னி எரியணும். விடாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயிண்ட் வழியா எர்த் ஆகலை: அழுக்கு, அறுந்த வயர், தட்டோட எர்த். எரியவே இல்லைன்னா எங்கேயோ பாடியில் தொட்டுக்கிட்டு இருக்கு, இல்லை காயில் உள்ளே அறுந்திருக்கு. ஒழுங்கா மின்னுதுன்னா காயில் நடு வயரை உறை போட்ட கட்டிங் பிளேயரில் பிடிச்சு இஞ்சின் பிளாக் பக்கத்தில் கால் அங்குலம் தள்ளி வெச்சுப் பாருங்க (பெட்ரோல் ஒழுகுற இடத்தில் இந்த வேலை வேண்டாம்). தடிச்ச நீலப் பொறின்னா அடுத்து ரோட்டர், மூடி, பிளக் வயர். சோகையான மஞ்சள் பொறின்னா கண்டென்சர், காயில். வீட்டுக்கு வந்ததும் பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி பிளஸ்சுக்கும் காயில் பிளஸ்சுக்கும் நடுவில் மீட்டரை வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வழியில் யாரோ திருடறான்.

ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் மாத்தணும். கழட்டின பழசைத் தூக்கிப் போடாதீங்க. புதுசுங்கிறதால மட்டும் ஒரு கண்டென்சர் நல்லதாயிடாது. பல வருஷம் உழைச்ச பழசு, டப்பாவிலிருந்து வந்த புதுசை விட நம்பகமானதா இருக்கலாம்.

அடுத்த தடவை யாராவது "பழைய வண்டி சார், அப்படித்தான்"னு ஆரம்பிச்சா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சரிங்க, கரண்ட் எங்க நிக்குது?" பதில் தெரிஞ்சவர்கிட்ட மட்டும் சாவியைக் குடுங்க.

பி.கு: பாய் பேரும் நம்பரும் கேட்டு யாரும் வராதீங்க. அவர் செல்போனை எடுக்கிறதே இல்லை :-)